எழுநாட்டுக்குக் கயிறு கிடையாது

ஆனந்த வருஷம் வைகாசி மாதம் மடையடியூரில் ஓர் அரசு சாயத் தொடங்கியது.

பயந்துவிடாதீர்கள் கண்ணுகளா, நான் சொல்வது மரத்தை. எங்கள் பக்கத்தில் வேப்பமரம் வேம்பு, அரசமரம் அரசு. ஆளுகிற அரசைச் சர்க்கார் என்பார்கள். ஒன்று நிழல் தரும், மற்றது தீர்வை வாங்கும். எங்கள் ஊரில் யாரும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதில்லை. குழப்புவதற்குப் படித்தவர்கள் வரவேண்டியிருந்தது.

மரம் சாய்ந்தது கிழக்கே. கிழக்கேதான் சங்கிலிபூதத்தானின் வீடு. மண்சுவர், பனையோலைக் கூரை. அவன் ஏர் உழுகிறவன். மனைவி கோமு பிள்ளையாண்டிருந்தாள். போய்ப் பெற்றுக்கொண்டு வருவதற்குத் தாய் இல்லாதவள், ஆகையால் பேறுகாலமும் அந்த வீட்டில்தான். புரட்டாசி முடிவில் பிள்ளை, அதன் காலடியிலேயே ஐப்பசி அடைமழை. மரம் நிற்கிற கால்வாய்க் கரை ஒருதரம் நன்றாக ஊறினால் போதும், அரசு வந்து கூரைமேல் படுத்துக்கொள்ளும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அது கேட்கப்போவதில்லை.

வெட்டிப்போடலாமே என்பீர்கள். அடியில் பிள்ளையார் இருக்கிறார், வெட்டினால் பாவம். கரை புறம்போக்கு, வெட்டினால் ஜெயில். இரண்டில் எது முந்திக்கொண்டு வரும் என்று தெரியாததால் அவன் கோடாலியைத் தொடவில்லை. உத்தரவு கேட்கப் போனான்.

கிராம முன்சீப், "அடியில பிள்ளையாரு இருக்காருல்லா? தர்மகர்த்தாகிட்டப் போலே" என்றார். தர்மகர்த்தா, "பிள்ளையாரு எங்களுக்குப் பாத்தியம், சரி. மரம் அவருக்கு மேலல்லா நிக்கி? வேரு கால்வாய்க் கரையில. ஓவர்சியரைப் பாரு" என்றார். ஓவர்சியர், வேர்தான் தம் இலாகா, கிளைகள் புறம்போக்கின்மேல் போவதால் தாசில்தார் கச்சேரி என்றார். கச்சேரியில் ஒரு குமாஸ்தா, மரம் இன்னும் விழாதபடியால் மனு காலத்துக்கு முந்தியது, விழுந்தபின் கிராம முன்சீப் மூலமாக வரவும் என்றார். எல்லா இடத்திலும் அதிகாரம் வேண்டுமட்டும் இருந்தது. அவன் போகிற வேளையில் மட்டும் அது பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது.

கச்சேரியை விட்டு வெளியே வந்து பாளையங்கோட்டைத் தெருவில் நடக்கையில் ஒரு மாடிவீட்டின்மேல் புதுப் பலகை தெரிந்தது. சங்கிலிபூதத்தான் மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புவரை போனவன். வெயிலில் நின்று எழுத்துக் கூட்டினான். வல்லரசுச் சங்கம். வல்லரசு என்றால் வலுத்த அரசு. மாட்டுக்கு வைத்தியசாலை வைத்திருக்கிறார்கள், தபாலுக்கு ஆபீசு வைத்திருக்கிறார்கள், அரசுக்கும் ஒரு சங்கம் வைக்காமலா இருப்பார்கள்? அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு படியேறினான்.

மேலே ஏழு பெரிய மனிதர்கள் ஒரு மேஜையைச் சுற்றி இருந்தார்கள். இருந்தார்கள் என்று சும்மா சொல்கிறேன். உட்கார்ந்திருக்கவில்லை, நிற்கவும் இல்லை. நாற்காலிக்கு ஒரு சாண் மேலே, முழங்காலை மடக்கி, வேர்க்க வேர்க்க அந்தரத்தில் இருந்தார்கள். ஏழு பேருக்கும் ஒரே இடத்தில் கட்டி வந்திருக்கிறதே, பாவம், என்று சங்கிலி இரக்கப்பட்டான்.

கட்டி இல்லை. அது அவர்களுடைய தொடக்க வணக்கம். நம் தேசம் எழுகின்ற தேசம் என்பது சங்கத்தின் கொள்கை. எழுந்துவிட்ட தேசம் என்றால் போலீஸ் வரும். எழவே இல்லை என்றால் மானம் போகும். ஆகவே கூட்டம் தொடங்குமுன் அங்கத்தினர்கள் எழுந்துகொண்டே இருப்பார்கள். எழுந்து முடிக்கமாட்டார்கள். இதற்குச் சட்டம் பார்த்துச் சொன்னவர் தலைவர், வக்கீல் ஞானசம்பந்தன். இலக்கணம் பார்த்துச் சொன்னவர் காரியதரிசி, மிஷன் பள்ளித் தமிழ்ப் பண்டிதர் சத்தியநேசன்.

"தேசத்துக்கு 'எழுநாடு'ன்னு பேரு வச்சிட்டேன்" என்று பண்டிதர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "வினைத்தொகை. எழுந்த நாடு, எழுகின்ற நாடு, எழும் நாடு, மூணும் உள்ள ஒளிஞ்சிருக்கு. எந்தக் காலம்வேன்னு இன்ஸ்பெக்டர் கேட்டா, காலம் மறைஞ்சிருக்கு அய்யான்னுருவேன். இலக்கணத்துக்கு விலங்கு போட முடியுமா?"

உலகத்தில் இனி ஒரே வல்லரசு கிடையாது, பல உண்டு, அவற்றை எழுநாடு எப்படிப் பார்க்கவேண்டும் என்று ஆராய்வதே சங்கத்தின் வேலை. ஆராய்ச்சிக்குத் தோதாக ஆளுக்கு ஒரு நாட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் இங்கிலாந்து, அதில் யாருக்கும் வழக்கில்லை. பண்டிதரின் மைத்துனர் ஒருமுறை காரைக்காலுக்குப் போய்வந்ததால் பண்டிதர் பிரான்சு. பேட்டையில் மண்ணெண்ணெய் விற்ற மதார் சாயபு, டின் அமெரிக்காவிலிருந்து வந்ததால், அமெரிக்கா. ஜப்பான் தீப்பெட்டி வாங்குகிற ஒருவர் ஜப்பான். ருஷ்யா மிகப் பெரிய தேசம் என்பதால் அதை மிகப் பருமனானவருக்குக் கொடுத்திருந்தார்கள். துருக்கி, மாதத்தில் பாதிநாள் வயிற்றுவலிக்காரர். கலெக்டர் ஆபீசில் எழுத்தர் வேலை பார்த்த கிருபைராஜ் வீட்டுச் சுவர்க்கடிகாரம் ஜெர்மனியில் செய்தது, ஆகவே அவர் ஜெர்மனி. நாற்காலி போதாமல் ஆஸ்திரியாவும் இத்தாலியும் வராந்தாவில் பெஞ்சியில் இருந்தன.

தலைவர் கையைக் காட்டினார். ஏழு பேரும் தொப்பென்று உட்கார்ந்தார்கள்.

"என்னவே வேணும்?"

"அய்யா, எங்க ஊர்ல அரசு சாயுது."

பண்டிதர் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். தலைவர் மேஜையின்மேல் குனிந்தார். "பையச் சொல்லும். எந்த அரசு?"

"பெரிய அரசு அய்யா. எங்க பாட்டன் காலத்துலேருந்து அது ஒண்ணுதான். அதுக்கு நிகரு வேற கிடையாது."

"எந்தப் பக்கமாச் சாயுது?"

"கிழக்க."

ஜப்பான்காரர் மேஜையைத் தட்டினார். "நான் சொல்லலை? நான் சொல்லலையா?"

"வேர் எப்படி இருக்கு?" என்று கேட்டது பிரான்சு.

"வேரெல்லாம் தண்ணிக்குள்ள கெடக்கு அய்யா."

"கடற்படை!" என்றார் கிருபைராஜ், மூச்சு வாங்க.

"சாயுததுக்கு என்ன காரணம்வே?"

"சுத்தி மத்த மரமெல்லாம் வளந்துட்டு. முன்ன வெளிச்சம் பூரா இதுக்குத்தான். இப்பம் போட்டி. உள்ள வேற பொந்து விழுந்துபோச்சி."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை வருஷ ஆராய்ச்சியை இடுப்பில் துண்டு கட்டிய ஒருவன் நாலு வாக்கியத்தில் சொல்லிவிட்டான் என்று தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறந்தான் 'மத்த மரம்' என்ற சொல் மெல்ல உள்ளே இறங்கியது. மறுபடி விசாரித்தார்கள். மரந்தான் என்று சங்கிலி சத்தியம் பண்ணினான். அவர்களுக்கு ஏமாற்றமா என்றால், இல்லை. ஏமாறுகிறவர்கள் சங்கம் வைக்கமாட்டார்கள்.

"உவமை நம்மைத் தேடி வந்திருக்கிறது!" என்று தலைவர் எழுந்தார். முழுக்க எழுந்துவிட்டதை உணர்ந்து அரைவாசி இறங்கினார். "கனவான்களே, ஏழு வல்லரசுகளும் ஏழு கயிறு கொண்டு ஏழு திக்கிலிருந்து இந்த அரசைப் பிடித்தால் அது எத்திக்கும் சாயாது. இதற்குச் சமநிலை என்று பெயர். மேல்நாட்டார் இதை ஏட்டில்தான் எழுதுகிறார்கள். நாம் மடையடியூரில் செய்துகாட்டுவோம்."

"வெட்டித் தரமாட்டியளா அய்யா? வீட்டுல பிள்ளைத்தாச்சி..."

"வெட்டுவதா! நாம் யாரையும் பகைப்பதில்லை. எழுநாடு எல்லோருக்கும் நண்பன், எவருக்கும் கூட்டாளி அல்ல. எல்லாப் பந்தியிலும் உட்காருவோம், எந்தப் பந்திக்கும் இலை அறுக்கமாட்டோம். இதுவே நமது உயர்ந்த கொள்கை."

சங்கிலிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஏழு கயிறு என்பது விளங்கியது. ஒன்றும் இல்லாததற்கு ஏழு கயிறு மேல் அல்லவா? கும்பிட்டுவிட்டு வந்தான்.

ஆடி பிறந்ததும் சங்கம் வில்வண்டிகளில் மடையடியூருக்கு எழுந்தருளியது. நாற்காலிகள் தனி வண்டியில் வந்தன. கயிறு முழுவதும் மதார் சாயபு கடைச் சரக்கு. இங்கிலாந்துக்கும் அவரே விற்றார், ஜெர்மனிக்கும் அவரே விற்றார். நாற்காலிகளைப் போட்டு, முதலில் வணக்கம் நடந்தது. ஊரே கூடி நின்று பார்த்தது.

கோமு வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "இந்தாரும், இவங்க உக்காரப் போறாங்களா, எந்திரிக்கப் போறாங்களா?"

"எந்திரிச்சுக்கிட்டே இருக்காங்களாம்."

"இந்த வயித்தை வச்சுக்கிட்டு நானே சட்டுனு எந்திரிச்சிருதேன்" என்றாள் கோமு.

பையன்கள் மரத்திலேறி உச்சியில் ஏழு கயிற்றையும் கட்டினார்கள். இனி எந்த வல்லரசு எந்தத் திக்கில் நிற்பது? மரம் கிழக்கே சாய்வதால் மேற்கே நின்று இழுக்கவேண்டும் என்பது ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அது பிற்பகல். நிழல் கிழக்கே விழுந்திருந்தது. மேற்கே கொதிக்கிற மணல்.

"கிழக்கு நாடுகளின் நலத்தில் இங்கிலாந்துக்குத் தொன்றுதொட்டு அக்கறை உண்டு" என்று தலைவர் தம் நாற்காலியை நிழலில் போட்டுக்கொண்டார். பிரான்சுக்கும் அதே அக்கறை இருந்தது. ருஷ்யா வழி கேட்காமலே வந்து நடுநிழலில் அமர்ந்தது. ஜப்பான், தான் கிழக்கிலேயே பிறந்ததாகச் சொல்லிற்று. துருக்கிக்கு வெயில் வயிற்றுக்கு ஆகாது. அமெரிக்கா, "நான் சும்மா ஓரமா இருக்கேன் வாப்பா, என்னை எண்ணாதிய" என்று நிழலின் ஓரத்தில் அமர்ந்தது. கடைசியில் பார்த்தால் கிருபைராஜுக்கு நிழல் மிச்சமில்லை. ஜெர்மனி தனியாக மேற்கே போயிற்று.

"அய்யா, எனக்கும் ஒரு கயிறு தாங்க" என்றான் சங்கிலி. "மேற்க நின்னு இழுக்கேன்."

தலைவர் சிரித்தார். பெரியவர்கள் அறியாத பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "நீர் எழுநாட்டின் பிரதிநிதி. எழுநாட்டுக்குக் கயிறு கிடையாது, பார்வைதான் உண்டு." ஒரு முக்காலி கொண்டுவந்து அவன் வீட்டு வாசலிலேயே போட்டார்கள். சரியாக மரம் சாய்கிற நேரில். ஒவ்வொரு காரியம் முடிந்ததும் தலைவர், "எழுநாடு பார்த்ததா?" என்று கேட்பார். அவன், "பார்த்தது" என்று சொல்லவேண்டும். அதைப் பண்டிதர் நடவடிக்கையில் எழுதிக்கொண்ட பிறகுதான் காரியம் செல்லும்.

நல்லகாலம், நிழலில் இருந்த ஆறு வல்லரசுகளும் கயிற்றை இழுக்கவில்லை. மடியில் போட்டுக்கொண்டு இளநீர் குடித்தன. கிருபைராஜ் ஒருவர்தான், சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டும் என்று, பல்லைக் கடித்து இழுத்து, சங்கிலியின் ஒத்தாசையோடு ஒரு பனையில் கயிற்றை இறுக்கிக் கட்டினார். அரசு முனகியது. கொஞ்சம் நிமிர்ந்தது.

"எழுநாடு பார்த்ததா?"

"பார்த்துது அய்யா!" என்றான் சங்கிலி, மனசார. அன்றிலிருந்து கோமுவும் அவனும் நிம்மதியாக உறங்கினார்கள். ஒரு பனையும் ஒரு கயிறும் தாங்கிய நிம்மதி.

ஆடி கழியவில்லை, சீமையில் யுத்தம் என்று தந்தி வந்துவிட்டது. இங்கிலாந்தும் பிரான்சும் ருஷ்யாவும் ஒரு பக்கம், பெல்ஜியத்துக்குள் படை நுழைத்த ஜெர்மனி மறுபக்கம். சங்கத்தின் அவசரக் கூட்டத்தில் கிருபைராஜின் நாற்காலியைத் தூக்கி வராந்தாவுக்கு வெளியே, படிக்கட்டில் வைத்தார்கள்.

"அண்ணாச்சி, நான் பெல்ஜியம் பார்த்ததுகூட இல்லை, நான் எங்க போய்ப் படை எடுக்கேன்?" என்று கிருபைராஜ் அழாத குறை. "சர்க்கார் உத்தியோகம் போயிரும். எனக்கு அந்த நாடு வேண்டாம்னு அப்பமே சொன்னேனே. சுவீடன் தாங்கன்னேனே!"

"உணர்ச்சிக்கு இடமில்லை" என்றார் தலைவர். "உலக அரசியலில் நண்பரும் இல்லை, பகைவரும் இல்லை, கடிகாரம் எங்கே செய்தது என்பதே கேள்வி."

புரட்டாசியில் விஷயம் போலீசுக்கு எட்டியது. ஓர் இன்ஸ்பெக்டர் இரண்டு கான்ஸ்டபிள்களோடு மடையடியூருக்கு வந்து, பனையைச் சுற்றி இருந்த கயிற்றைக் கைத்தடியால் தட்டினார். ஜெர்மனியின் கயிறு எதிரிச் சொத்து, அவிழ்த்துப் பறிமுதல் செய்யவேண்டும் என்றார். நடப்பதைப் பார்க்கத் தலைவரும் பண்டிதரும் வந்திருந்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

சங்கிலி ஓடிப்போய் பனையைக் கட்டிக்கொண்டான். "எசமான், அவுத்துராதிய! இந்தக் கயிறு ஒண்ணுதான் அரசைத் தாங்குது!"

இன்ஸ்பெக்டர் நின்றார். "என்ன சொன்னே? பிரிட்டிஷ் மண்ணுல நிக்கிற அரசை ஜெர்மன்காரன் தாங்குதானா?"

"ஆமா எசமான்."

"அவன் விட்டா அரசு விழுந்துருமா?"

"விழுந்துரும் எசமான். இப்பமே சாஞ்சுதான நிக்கி, நீங்களே நல்லாப் பாருங்க."

கான்ஸ்டபிள் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டான். இராஜத்துரோகத்துக்கு என்ன தண்டனை என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டாம். அந்தக் காலத்துத் திருநெல்வேலியில் அது யாருக்கும் தெரியும். தலைவர் முன்னால் வந்தார். "இவர் எங்கள் அங்கத்தினர் அல்ல, பார்வையாளர் மட்டுமே" என்று தெளிவாகச் சொல்லிவிட்டுப் பின்னால் போனார். பண்டிதருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"அய்யா, ஒரு விண்ணப்பம். சர்க்கார் என்கிற அரசு, சொல்லால் அஃறிணை, பொருளால் உயர்திணை. இவன் சொன்ன அரசு, சொல்லாலும் அஃறிணை, பொருளாலும் அஃறிணை. இலை இருக்கு பாருங்க."

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து இலையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "சரி, ஆளை விடு. கயிற்றை அவு."

கயிறு அவிழ்ந்தது. அரசு ஒரு பெருமூச்சு விட்டது, அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் முன்னைவிட ஒரு முழம் கிழக்கே வந்திருந்தது. கோமு எட்டாம் மாசம் முடிந்து ஒன்பதில் இருந்தாள்.

சங்கிலி பாளையங்கோட்டைக்கு நடந்தான். மேற்கே இன்னொரு கயிறு கட்டித் தரவேண்டும் என்று தலைவர் முன்னால் நின்றான்.

"மேற்கு ஜெர்மனி நின்ற இடம்" என்றார் தலைவர். "அங்கே யார் போய் நின்றாலும் அவன் ஜெர்மனி ஆகிவிடுவான்."

"என்கிட்டக் குடுங்க அய்யா. நான் நின்னுக்கிடுதேன். நான் என்ன ஆனாலும் ஆயிட்டுப் போறேன்."

"உமக்குக் கயிறு கொடுத்தால் நீரும் வல்லரசு ஆகிவிடுவீர். எல்லோரும் வல்லரசு ஆகிவிட்டால் பிறகு எழுவதற்கு ஒரு நாடு வேண்டாமா? சங்கத்தையல்லவா கலைக்கவேண்டிவரும்?" தலைவர் அவன் தோளில் கைவைத்தார். உண்மையான அன்போடுதான் வைத்தார். "கவலைப்படாதேயும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நேச வல்லரசுகளின் ஒற்றுமையை உலகுக்குக் காட்டப்போகிறோம். இதுவரை நாங்கள் கயிற்றை மடியில்தான் வைத்திருந்தோம். இனி எல்லோரும் சேர்ந்து, ஒரே மூச்சாக, இழுப்போம்."

"எந்தப் பக்கமா அய்யா?"

"நாங்கள் நிற்கிற பக்கமாகத்தான்."

சங்கிலி படி இறங்கினான். கீழே மதார் சாயபு புதுக் கயிற்றை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"முதலாளி, நீங்களும் இழுக்கியளா?"

"நான் இழுக்க மாட்டேன் வாப்பா. அமெரிக்கா இதுல சேரலை. கயிறு மட்டும் போடுதேன், இழுக்கிறது அவங்கவங்க நசீபு, அவங்கவங்க தலையெழுத்து." சாயபு சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழமை வீட்டுக்குள்ள இருந்துராத, கேட்டியா."

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கோமுவிடம் சொன்னான். அவள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அப்பம் நம்ம வீட்டுமேலதான் இழுக்கப் போறாங்க."

"ஆமா."

"அதை நீரு முக்காலியில உக்காந்து பாக்கணும்."

"பார்த்ததுன்னு சொல்லணுமாம். நான் சொன்னாத்தான் செல்லுமாம்." அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. மறைப்பானேன் கண்ணுகளா, இருந்தது. பெரிய மனிதர்கள் ஏழு பேர் ஒரு சொல்லுக்காக அவன் வாயைப் பார்த்திருக்கிறார்கள். அவன் வாயை அதுவரைக்கும் மாடுதான் பார்த்திருக்கிறது.

கோமு அவனை ஏறிட்டுப் பார்த்தாள். "பாத்தது போதும். இசக்கியைக் கூட்டிட்டு வாரும். இந்தக் கூரையை எத்தனை பேரு தூக்கலாம்னு கேளும்."

இசக்கி அவளுடைய தம்பி. மேட்டில் நெற்களம் வைத்திருந்தான். அங்கே மழைத் தண்ணீர் நிற்காது, மரமும் கிடையாது. பனையோலைக் கூரையைக் கட்டு அவிழ்த்து முழுசாகத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. தோள்தான் வேண்டும். ஆனால் ஊரில் தோள் உள்ளவர்களெல்லாம் நடவு வேலையில் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதான் வந்தார்கள். சங்கத்தின் வண்டிகளும் அப்போதுதான் வந்தன.

வணக்கம் முடிந்தது. வல்லரசுகள் மரத்தைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே வரிசையாக நின்றன. துருக்கி வயிற்றுவலி என்று சொல்லியனுப்பியிருந்தது. தலைவர் பேசத் தொடங்கினார்.

"கனவான்களே! உலகம் இதுவரை ஒற்றைத் தூணில் நின்றது. இன்று பல தூண்கள். தூண்கள் அதிகமானால் கூரைக்கு ஆபத்தில்லை..."

பின்னால் கூரை எழுந்தது. இசக்கி ஒரு மூலையில், சங்கிலி ஒரு மூலையில், நடுவில் ஊர்த் தோள்கள். எழுந்துகொண்டே இருக்கவில்லை. ஒரே தம்மில் எழுந்துவிட்டது. "பைய, பைய, வாசப்பக்கம் சாச்சுப் பிடிலே" என்று இசக்கி பல்லிடுக்கில் சொன்னான். ஓலைக் கூரை இருபது கால்களோடு வரப்பில் ஏறி நடக்கத் தொடங்கியது. பின்னாலேயே கோமு, இடுப்பில் ஒரு கை, மற்றக் கையில் அடைக்கோழி. கோழி கொக்கரித்தது. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த யாரும் திரும்பவில்லை. பேசுகிறவர்களுக்கும் கைதட்டுகிறவர்களுக்கும் காது வேறு வேலைக்குப் போயிருக்கும்.

"...எழுநாடு ஆழ்ந்து பார்க்கிறது. எவர் வென்றாலும் அவரை வாழ்த்தும் உரிமையை அது விட்டுக்கொடாது. எழுநாடு பார்த்ததா?"

 முக்காலி காலியாக இருந்தது. அதன் பின்னால் நாலு மொட்டைச் சுவர். தலைவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் கிடையாது.

"எழுநாடு மௌனம் சாதிக்கிறது" என்றார். "அதுவும் ஒரு பார்வையே. இழுங்கள்!"

இழுத்தார்கள். அரசு இதற்காகவே காத்திருந்ததுபோல வந்தது. முதலில் ஓடியது ருஷ்யா. அத்தனை பெரிய தேசம் அத்தனை வேகமாக ஓடி ஊரில் யாரும் பார்த்ததில்லை. பிரான்சு வாய்க்காலில் குதித்தது. மரம் நாலு சுவரையும் மாவாக்கிவிட்டு, ஒரு பக்கக் கிளை இங்கிலாந்தின் நாற்காலிக்கு ஒரு முழம் இப்பால் வந்து அடங்கியது. மேற்கே இருந்த பிள்ளையாருக்கு ஒன்றுமில்லை. முதல்முறையாக அவர்மேல் வெயில் பட்டது.

மறுநாளே விறகுக்கு முன்சீப் ஆள் அனுப்பினார், தர்மகர்த்தா ஆள் அனுப்பினார், ஓவர்சியர் தாமே வந்தார். அந்தச் சண்டை தனிக் கதை. அது நமக்கு வேண்டாம். களத்துமேட்டில் இறக்கி வைத்த கூரையின்கீழ், சுற்றிலும் ஓலைத் தட்டி கட்டி, கோமு அந்த வாரமே ஒரு பெண்பிள்ளை பெற்றாள். தாயும் பிள்ளையும் சுகம். அடைமழை அவர்களுக்கு அப்புறந்தான் வந்தது.

அடுத்த ஞாயிறு சங்கம் சங்கிலியைத் தேடிக்கொண்டு வந்தது. அவன் 'பார்த்தது' என்று சொல்லாததால் நடவடிக்கை முடியாமல் நின்றது. நடவடிக்கை முடியாததால் மரம் விழுந்ததா இல்லையா என்று சங்கம் இன்னும் தீர்மானிக்கவில்லை. வரப்பில் வரும்போதே சண்டை. ருஷ்யா அதிகமாக இழுத்தது என்றது பிரான்சு. பிரான்சு முந்தி இழுத்தது என்றது ருஷ்யா. விழுந்த இடம் கிழக்கு, ஆகவே அது தன் பாத்தியம் என்றது ஜப்பான். வராந்தாவிலிருந்து பதவி உயர்ந்து வந்த இத்தாலி யார் பக்கம் சேரலாம் என்று இருபக்கமும் நடந்து பார்த்தது. எல்லோருக்கும் மேலாக இங்கிலாந்தின் குரல், கோர்ட்டில் கேட்பதுபோல. அவர்கள் போட்ட கூச்சலில் களத்தில் மேய்ந்த காக்கையெல்லாம் பறந்துபோயிற்று.

சங்கிலிபூதத்தான் தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். இந்தத் தடவை அவன் கும்பிடவில்லை. மறந்துவிட்டான். விரலை உதட்டில் வைத்திருந்ததால் கையும் ஒழியவில்லை.

"பைய, அண்ணாச்சி" என்றான். "பிள்ளை உறங்குது."

"எழுநாட்டின் பிரதிநிதி என்ற முறையில்..." என்று தலைவர் குரலெடுத்தார்.

"'பைய'ன்னு சொல்லுதேம்லா."

தலைவர் வாயை மூடிக்கொண்டார். பண்டிதர் கையிலிருந்த பேனாவைச் சத்தமில்லாமல் பைக்குள் போட்டார். ருஷ்யா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜப்பான், தட்டியின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, யார் ஜாடை என்று பிரான்சின் காதில் கேட்டது. செருப்புக்கள் கையில் ஏறின. ஒவ்வொருவராகக் களத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

சீமையில் அந்த வேளையில் பீரங்கிகள் வெடித்துக்கொண்டுதான் இருந்தன. மடையடியூர்க் களத்துமேட்டில் மட்டும், பிள்ளை பசித்து அழும்வரைக்கும், உலகம் சமாதானமாக இருந்தது.